ஒத்திகை நாளில் லீவு

எங்கள் அலுவலகம் தீவில், கடலை ஒட்டியே இருந்தது. சுனாமிக்குப் பிறகு, அப்படிப்பட்ட அலுவலகங்களில் வருஷத்துக்கு ஒருமுறை ஒத்திகை வைக்க ஆரம்பித்தார்கள். சைரன் ஒலித்ததும் எல்லோரும் பின்வாசல் வழியாக மேட்டுக்கு ஓட வேண்டும். மேலே ஒருவர் தலை எண்ணுவார். ஆள் குறையாமல் ஏறி முடித்தால் பாராட்டு உண்டு, சமோசாவும் உண்டு.

எனக்குச் சின்ன வயதிலேயே போலியோ. இரண்டு ஊன்றுகோல்களோடுதான் நடப்பேன். எதிர்க்கரையில் இருக்கும் பாம்பூஃப்ளாட்டிலிருந்து தினமும் ஃபெர்ரி ஏறி வேலைக்கு வந்துவிடுவேன். டைப் அடிப்பதில் அந்த அலுவலகத்தில் என்னை மிஞ்ச ஆள் இல்லை. ஆனால் மேட்டுக்குப் போகிற படிகள் செங்குத்து, பிடித்துக்கொள்ள ஒரு கம்பிகூடக் கிடையாது. பக்கத்தில் ஒரு சரிவுப் பாதை போட்டுத் தாருங்கள் என்று கேட்டேன். மெயின்லேண்டிலிருந்து கப்பலில் சிமென்ட் வரட்டும் என்றார்கள். சிமென்ட் வந்தது, ஜீப் நிறுத்த ஷெட் எழும்பியது. நான் மறுபடி கேட்கவில்லை.

முதல் ஒத்திகைக்கு முந்தின நாள் எங்கள் அதிகாரி என் மேசைக்கே வந்தார். மதுரைக்காரர், கெட்டவர் இல்லை.

“ஏம்மா, நாளைக்கு ஒரு சி.எல். போட்டுக்கிறியா? உனக்கும் சிரமம் இல்ல, நமக்கும் கணக்கு சரியா வந்துரும்.”

“தேங்க்ஸ் சார்” என்றேன். வாயெல்லாம் பல்லாகச் சொன்னேன். அதை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

மறுநாள் வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தபோது சுனாமி வந்த காலை ஞாபகம் வந்தது. அப்போது நாங்கள் சிப்பிகாட் என்ற ஊரில் இருந்தோம். வயலுக்குள் கடல் ஏறி வந்தபோது அண்ணன்தான் என்னை முதுகில் சுமந்து மேட்டுக்குக் கொண்டுபோனான். இறக்கிவிட்டதும் அவனுக்கு மூச்சு இரைத்தது. அவன் முகத்தைப் பார்க்கவே எனக்கு வெட்கமாக இருந்தது. கடல் மறுபடி வந்தால் ஆபீஸில் என்னை யார் தூக்குவார்கள்? அன்றைக்குப் பிடித்த இந்தப் பயம் பிறகு விடவே இல்லை.

அடுத்த வருஷமும் அதிகாரி வந்து அதையே சொன்னார். தலையை ஆட்டினேன், ஆனால் லீவு போடவில்லை. காலையில் ஃபெர்ரியில் வரும்போது, அவரிடம் கேட்க வேண்டியதை வாய்க்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். ‘நெஜமாவே கடல் வந்தா அன்னைக்கும் சி.எல். போடணுமா சார்?’ நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டுவிட வேண்டும் என்று இருந்தேன்.

அவர் ஒத்திகையைப் பார்க்க வந்த விருந்தாளிகளோடு முன்பே மேட்டுக்குப் போய்விட்டிருந்தார். பக்கத்து மேசை பெங்காலிப் பெண் என்னைப் பார்த்து, “அரே தீதி, ஆஜ் சுட்டி நஹீ?” என்றாள். லீவு இல்லை என்று சிரித்து வைத்தேன். சைரன் ஒலித்ததும் எல்லோரும் ஓடினார்கள். அவள் மட்டும் வாசலில் தயங்கி நின்றாள். போ, போ என்று நான்தான் கையை ஆட்டினேன்.

பிறகு வராந்தாவில் பூட்ஸ் சத்தம். யாராவது தங்கிவிட்டார்களா என்று ஒவ்வொரு அறையாகப் பார்த்துக்கொண்டு ஒருவர் வந்தார். “அந்தர் கோயி ஹை?”

நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பது என்பதுதான் என் திட்டம். என்ன செய்தேன்? ஊன்றுகோல்களை மேசைக்கடியில் தள்ளிவிட்டு, பீரோவுக்குப் பின்னால் தரையில் சரிந்து ஒடுங்கிக்கொண்டேன். என் ஒருத்தியால் ஆபீஸுக்குக் கெட்ட பெயர் வந்துவிடுமே என்று தோன்றிவிட்டது. கதவு திறந்தது. மூச்சுக் காட்டாமல் இருந்தேன். கதவு மூடியது.

கொஞ்ச நேரத்தில் மேட்டில் மைக் அலறியது. “சப் ஆ கயே!” நான் லீவு என்ற கணக்கில், எல்லோரும் வந்துவிட்டார்களாம். கைதட்டல் கீழே வரைக்கும் கேட்டது. நான் அந்தத் தரையிலேயே கிடந்தேன். எழுந்துகொள்ள ஊன்றுகோல் எட்டவில்லை.

முதலில் இறங்கி வந்தவர் அதிகாரிதான். மேசைக்கடியில் நீட்டிக்கொண்டிருந்த ஊன்றுகோலைப் பார்த்தார். பீரோவைச் சுற்றி வந்து என்னைப் பார்த்தார். முகம் வெளிறிவிட்டது.

“ஏம்மா... நீ இங்கயேவா இருந்த?”

கேட்க வேண்டிய நேரம் அதுதான். கேள்வி நாக்கு நுனியில் இருந்தது.

“சாரி சார்” என்றேன். “நான் சத்தமே போடல.”