பஸ் வராத ஒரு நாள்

என் தம்பி வீதஸுக்கு ஐம்பத்து நான்கு வயது. இத்தனை வயதில் அவன் தன் கையால் ஒரு குடம் பீர்கூடக் காய்ச்சியதில்லை. ஆனால் பிர்ஷாய் வட்டாரத்தில் பண்ணை பீர் குடிக்க எங்கே போகலாம் என்று கேட்டால் அவன் பெயரைத்தான் சொல்வார்கள். வைக்கோல் தொப்பி, முழங்கால் வரை தொங்கும் லினன் சட்டை, இடுப்பில் நெய்த பட்டை. மூன்றும் ரீகா சந்தையில் வாங்கியவை. இந்தக் கோலத்தில் கொட்டகை வாசலில் நின்றுகொண்டு, "ஏழு தலைமுறையா எங்க குடும்பம் இந்த பீரைக் காய்ச்சுது" என்று ஆரம்பிப்பான்.

எங்கள் தாத்தா ரயில்வே கேட் காவலர். வயிற்றுப் புண் இருந்ததால் டீயைத் தவிர எதையும் தொட்டதில்லை. பீர் காய்ச்சக் கற்றுக்கொண்டது அப்பாதான். அதுவும் கூட்டுப்பண்ணையில் பால் லாரி ஓட்டிய காலத்தில், பக்கத்து வீட்டுக்காரரிடம். ஆக மொத்தம் ஒரே ஒரு தலைமுறை. மீதி ஆறும் என் தம்பி வாயால் சுட்ட வடை.

அதற்கு முன் அவன் தொடாத தொழில் இல்லை. அயர்லாந்து போய்க் கோழி வெட்டும் ஆலையில் இரண்டு வருடம் இருந்தான். திரும்பி வந்து நிலவறையில் காளான் வளர்த்தான். காளானுக்கு இவனைப் பிடிக்கவில்லை. ஜெர்மனியிலிருந்து பழைய கார்களை ஓட்டிவந்து விற்றான். வாங்கியவர்கள் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள். கடைசியில் அவன் மனைவி ரீமாதான் இந்த யோசனையைச் சொன்னாள். நகரத்துக் குடும்பங்கள் சனி ஞாயிறுகளில் பிள்ளைகளோடு போக இடம் தேடி அலைகின்றன, பெரியவர்களுக்கு பீர், குழந்தைகளுக்கு ஆடு, முயல், வைக்கோல் சறுக்கு என்று வைத்தால் பஸ் பஸ்ஸாகக் கூட்டம் வரும் என்றாள். வந்தது. ரீமாவுக்கு இருக்கிற மூளையில் பாதி என் தம்பிக்கு இருந்திருந்தால் நான் இதை எழுத வேண்டியிருக்காது.

வருகிறவர்களைப் பற்றியும் சொல்லவேண்டும். வெள்ளைச் செருப்பு போட்டுக்கொண்டு வந்து, முற்றத்தில் சேறு இருக்கிறது என்று புகார் செய்வார்கள். ஒரு தாய் ஆட்டின் வாயை ஈரக் காகிதத்தால் துடைத்துவிட்டு, பிறகுதான் குழந்தையைத் தொடவிட்டாள். இன்னொருத்தி கோழியின் அடியிலிருந்து எடுத்த முட்டையைக் கையில் வாங்கி, "சூடா இருக்கே, வேகவெச்சதா?" என்று கேட்டாள். குழந்தைகள் தடவித் தடவி எங்கள் முயலின் முதுகில் ரோமமே இல்லாமல் போயிற்று. பெரியவர்கள் பீர் கோப்பையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "தேன் வாசனை வருது, வைக்கோல் வாசனை வருது" என்பார்கள். நான்கடி தள்ளி வைக்கோல் குவிந்து கிடக்கும்போது வேறு என்ன வாசனை வரும்?

காய்ச்சுவது முழுக்க அப்பா. யோகூபஸ் என்று பெயர். எண்பது தாண்டியும் விடியற்காலையில் எழுந்து, முளைகட்டிய பார்லியைத் தொட்டியில் கொட்டிக் கலக்கி, வைக்கோல் படுக்கையில் வடிகட்டுவார். வேலை முடிந்ததும் வாசல் பெஞ்சில் உட்கார்ந்துகொள்வார். வருகிறவர்கள் அவரோடு நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். ஒருநாள் யாரோ ஒருவர் அவரிடம், "உங்க அப்பாவும் இப்படித்தான் காய்ச்சினாரா?" என்று கேட்டுவிட்டார். "அவரு ரயில்வே கேட்டுல இருந்தாருப்பா" என்றார் அப்பா. அவருக்குக் காதில் பூ சுற்றத் தெரியாது. அன்று முதல் என் தம்பி எல்லோரிடமும், "அப்பாவுக்குக் காது கேக்காது, தொந்தரவு பண்ணாதீங்க" என்று சொல்ல ஆரம்பித்தான்.

அடுத்த முறை நான் வேலை பார்க்கும் பனெவெஜிஸ் நகரத்திலிருந்து வந்தபோது அப்பா என்னிடம் சொன்னார்: "எல்வீரா, நான் செவிடாயிட்டேன். தெரியுமா உனக்கு? போன மாசத்துலேர்ந்து."

"இதுக்குப் போய் சிரிக்கிறீங்களேப்பா."

"வேற என்ன பண்ணச் சொல்ற? பேசாம உக்காந்திருக்கலாம். அதுவும் நல்லாத்தான் இருக்கு."

எனக்கு ஆத்திரமாக வந்தது. ஆனால் நானும் யோக்கியம் இல்லை. ஒவ்வொரு முறையும் இரண்டு கேன் பீரை காரில் ஏற்றிக்கொண்டு வாயை மூடிக்கொண்டு போய்விடுவேன்.

போன ஏப்ரலில் அப்பா படுக்கையில் விழுந்தார். மே மாதம் கொஞ்சம் எழுந்து நடமாடி ஒரு தொட்டி காய்ச்சினார், பிறகு மறுபடி படுத்துவிட்டார். ஒருநாள் எங்கள் இருவரையும் கட்டிலருகே உட்காரவைத்துச் சொன்னார்.

"என்னை டவுன்ல அந்தச் சாவுக் கூடத்துல கொண்டுபோய் வைக்காதீங்க. வீட்லயே வைங்க. பெத்ரொனேலேயைக் கூப்பிட்டுப் பாடச் சொல்லுங்க. வர்றவங்களுக்கு இந்த பீரைக் குடுங்க. அப்புறம் ஒண்ணு. நான் இந்த வீட்ல கிடக்கிற அந்த ரெண்டு நாளு, பஸ் மட்டும் வேணாம்."

வீதஸ் அவர் கையைப் பிடித்துக்கொண்டான். "சத்தியமாப்பா. ஒரு பஸ்ஸும் வராது" என்றான். கண்ணில் தண்ணீர்கூட வந்தது. நம்பிவிட்டேன்.

ஜூன் மாதம் ஒரு புதன்கிழமை அப்பா ஆஸ்பத்திரியில் இறந்தார். வியாழன் வீட்டுக்குக் கொண்டுவந்து உள் அறையில் வைத்தோம். சனிக்கிழமை அடக்கம். சாவு வீட்டு வழக்கப்படி, படலிலிருந்து வாசல் வரை தேவதாரு கிளைகளைப் பரப்பினோம். பெத்ரொனேலேயும் அவளோடு பாடும் ஏழு பேரும் வந்து சவப்பெட்டியைச் சுற்றி உட்கார்ந்து சாவுப் பாட்டு பாடத் தொடங்கினார்கள். ஒரு பாட்டு, பிறகு வெளி அறைக்கு வந்து கொஞ்சம் பீர், கொஞ்சம் பட்டாணி, பன்றிக்கொழுப்பு வறுவல், மறுபடி பாட்டு. அப்பா கேட்டபடியே எல்லாம் நடந்தது. எனக்கு அழுகையும் வந்தது, நிம்மதியும் வந்தது.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு சாலையில் புழுதி எழுந்தது. பெரிய பஸ். ஜன்னல் முழுக்கக் குழந்தைகளின் முகம்.

தம்பியைத் தேடி ஓடினேன். சமையலறைக்குப் பின்னால் நின்று கறுப்புக் கோட்டைக் கழற்றிக்கொண்டிருந்தான். லினன் சட்டை ஏற்கெனவே தோளில் கிடந்தது.

"டேய், என்னடா இது?"

"அக்கா, கத்தாத. மூணு மாசத்துக்கு முன்னாடி பதிவு பண்ணினது. கவுனஸ்ல மருந்துக் கம்பெனி ஆளுங்க, குடும்பத்தோட. நாப்பது பேரு. கொட்டாயிலயே வெச்சு ரெண்டு மணி நேரத்துல அனுப்பிருவேன். வீட்டுப் பக்கமே வரமாட்டாங்க."

"ஒரு போன் பண்ணி வராதீங்கன்னு சொல்ல வாய் வரலையா உனக்கு?"

"சொன்னா வருஷா வருஷம் வர்ற கம்பெனி வேற பண்ணைக்குப் போயிரும். அப்புறம் இன்டர்நெட்டுல கண்டதையும் எழுதுவாங்க. உனக்கென்ன, நீ பனெவெஜிஸ்ல பஸ் டிப்போவுல உக்காந்திருக்க."

"அப்பாகிட்ட சத்தியம் பண்ணினியேடா!"

"அவருக்குத் தெரியவா போகுது?" என்றான்.

அறைந்திருப்பேன். உள்ளே பாட்டு நடந்துகொண்டிருந்ததால் கையை அடக்கிக்கொண்டேன். கறுப்பு டையைச் சுருட்டிக் கால்சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டு, தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு போனான். டையின் நுனி பைக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்தது.

கொட்டகையில் அரை மணி நேரம் சரியாகப் போனது. பிறகு பெத்ரொனேலே நீண்ட பாட்டை எடுத்தாள். அவளுக்கு எழுபத்தெட்டு வயது, குரல் வயல் தாண்டிக் கேட்கும். ஜன்னல்கள் திறந்திருந்தன. பஸ்ஸோடு வந்த வழிகாட்டிப் பெண், மஞ்சள் தொப்பிக்காரி, காதைத் தீட்டிக்கொண்டு முற்றத்துக்கு வந்தாள். அவள் பின்னால் பத்து பேர், பிறகு இருபது பேர். ரீமா கையை விரித்துத் தடுத்துப் பார்த்தாள். தடுக்கிறதற்குக் காரணம் சொல்ல வாய் வரவில்லை, பாவம். ஒருவர் தேவதாரு கிளைகளைக் காட்டி, "எவ்வளவு அழகா அலங்காரம் பண்ணியிருக்காங்க பாரு" என்று மகளை அதன்மேல் நிறுத்திப் படம் எடுத்தார்.

எங்கள் பக்கத்தில் சாவு வீட்டுக் கதவைச் சாத்துவதில்லை. வருகிறவர் யார், எந்த ஊர் என்று கேட்பதும் இல்லை. வந்தால் உட்காரவைத்துக் கோப்பையைக் கையில் கொடுக்க வேண்டும். பரிமாறிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுப் பெண்கள் அதைத்தான் செய்தார்கள். "வாங்க, உக்காருங்க, வெய்யில்ல வந்திருக்கீங்க" என்று நகர்ந்து இடம் கொடுத்தார்கள். பஸ்ஸில் வந்தவர்களும் வெளி அறை மேசைகளில் நெருக்கி உட்கார்ந்துகொண்டார்கள். மேசையில் பீர், பட்டாணி, வறுவல். கொட்டகையில் கொடுத்ததும் அதேதான். அவர்களுக்கு என்ன வித்தியாசம் தெரியும்? அங்கிருந்து பார்த்தால் உள் அறையில் மெழுகுவர்த்தி வெளிச்சமும் பாடுகிறவர்களின் முதுகும்தான் தெரியும். சவப்பெட்டி தெரியாது.

வீதஸ் மூச்சிரைக்க உள்ளே வந்து இரண்டு அறைகளுக்கும் நடுவில், கதவடியில் நின்றான். ஒரு பக்கம் அப்பா, ஒரு பக்கம் பஸ்.

மஞ்சள் தொப்பிக்காரி அவன் காதருகே போய், "இதுவும் நிகழ்ச்சியில உண்டா? எங்ககிட்ட சொல்லவே இல்லையே!" என்று கேட்டாள்.

நான் மூன்றடி தூரத்தில் நின்றிருந்தேன். அவன் முகத்தையே பார்த்தேன். அப்பா செத்துட்டார் என்று இரண்டு சொல் சொன்னால் போதும். அவர்கள் எழுந்து மரியாதையாகப் போயிருப்பார்கள், அவர்களும் மனிதர்கள்தான். ஆனால் அதைச் சொன்னால் அடுத்த கேள்வி வரும். அப்பா உள்ளே கிடக்கும்போது எங்களுக்கு ஆடு காட்டிக்கொண்டிருந்தாயா என்று கேட்பார்கள். அவன் என்னைப் பார்த்தான், அவளைப் பார்த்தான்.

"ஆமா," என்றான். "ரொம்பப் பழைய பாட்டு. எங்க வட்டாரத்துலதான் பாடுவாங்க."

அவனைப் பெற்ற வயிற்றில்தான் நானும் பிறந்தேன் என்பதை நினைத்து அன்றைக்கு வெட்கப்பட்ட மாதிரி என்றைக்கும் வெட்கப்பட்டதில்லை.

பாட்டு முடிந்தது. பெத்ரொனேலே அடுத்த பாட்டுக்காகப் புத்தகத்தைப் புரட்டினாள். அப்போது முதல் மேசையில் ஒருவர் கைதட்டினார். பிறகு எல்லோரும் தட்டினார்கள். குழந்தைகள் மேசையையும் தட்டினார்கள். பாடினவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். புத்தகம் பெத்ரொனேலேயின் மடியிலேயே கிடந்தது.

என் தம்பி தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டு, அந்த நாற்பது பேருக்கும் குனிந்து வணக்கம் வைத்தான். வேண்டுமென்று செய்யவில்லை. பன்னிரண்டு வருடமாகக் கைதட்டல் கேட்டால் குனிகிற முதுகு, தானாகவே குனிந்துவிட்டது. அப்பாவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குனிந்தான்.

குனிந்தவன் நிமிரவில்லை. தோள்கள் குலுங்கத் தொடங்கின. கொஞ்ச நேரத்தில் சத்தம் வந்தது. நாற்பது வருடமாக அவனிடமிருந்து நான் கேட்டிராத சத்தம். அப்பா, அப்பா என்று மட்டும்தான் சொன்னான். கைதட்டல் இன்னும் பலமாயிற்று. இரண்டு மூன்று பேர் எழுந்து நின்று தட்டினார்கள். ஒருவர் போனை உயர்த்தினார்.

நான் போய் அவன் முன்னால் நின்று மறைத்துக்கொண்டேன். இரக்கப்பட்டுப் போகவில்லை. எங்கள் வீட்டு அழுகையை யாரும் படம் பிடித்துக்கொண்டு போகக்கூடாது என்றுதான் போனேன். அப்பா கடைசியாகக் கேட்டது பஸ் வேண்டாம் என்பதுதான், அதை நாங்கள் கொடுக்கவில்லை.

முன்வரிசையில் நின்று தட்டிக்கொண்டிருந்த ஒரு பெண் என்னைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "எவ்வளவு இயல்பா நடிக்கிறாரு! உங்க வீட்டுக்காரரா?"

"தம்பி," என்றேன். "உள்ள பெட்டியில கிடக்கிறது எங்கப்பா."

அவள் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். பிறகு, அதுவரை தட்டிக்கொண்டிருந்த இரண்டு கைகளையும் எங்கே வைத்துக்கொள்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.