நாலாம் வரிசைத் துளைகள்

எங்கள் கல்லூரிப் பாட்டுக் குழுவுக்கு ஒரு வரலாறு உண்டு என்று சொன்னால் ஆரணியிலேயே சிரிப்பார்கள். சிரிக்கட்டும். குழு பிறந்தது ஒரு மின்வெட்டில். நான் சேர்வதற்குச் சில வருடங்களுக்கு முன்னால், கல்லூரி விழா ஒன்றில் வாழ்த்துப் பாடலைப் போடப்போகும் நேரத்தில் மின்சாரம் போய்விட்டது. பாடல் பென்டிரைவில் இருந்தது, பென்டிரைவ் பேச்சு மூச்சில்லாத ஆம்ப்ளிஃபயரில் இருந்தது. அதற்குள் சிறப்பு விருந்தினர் எழுந்து நின்றுவிட்டார். எழுந்து நின்ற பெரிய மனிதரை மறுபடி உட்காரச் சொல்ல யாருக்கும் தைரியம் வரவில்லை. கூட்டத்திலிருந்த ஆறு பெண்கள் தாங்களாகவே பாடத் தொடங்கி, முழுப் பாட்டையும் பாடி முடித்தார்கள். இறங்கிப் போகும்போது முதல்வர், "இனிமே நீங்களே பாடிடுங்க, கரண்ட்டை நம்ப முடியல" என்றாராம். பல்கலைக்கழகத்தின் எந்த ஆவணத்திலும் இது இருக்காது. குழு தொடங்கியது இப்படித்தான்.

வாத்தியார் கிடையாது, ஆர்மோனியம் கிடையாது. வாய் மட்டும் நிறைய இருந்தது. பவர்லூம் வீட்டுப் பிள்ளைகளுக்கு மெதுவாகப் பேச வராது. தறி ஓடும் வீட்டில் ஒரு டம்ளர் தண்ணீர் கேட்பதென்றாலும் கத்தித்தான் கேட்க வேண்டும். குழுவிலிருந்த பன்னிரண்டு பேரும் எல்லா வரியையும் எல்லா நேரமும் முழுக்குரலில் பாடினால் அது பாட்டாக இருக்காது, சந்தையாக இருக்கும். யார் எப்போது பாடுவது, யார் எப்போது சும்மா இருப்பது என்று எழுதிவைக்க ஒரு முறை தேவைப்பட்டது. ஸ்வரம் எழுத எங்களில் யாருக்கும் தெரியாது. தெரிந்தது ஜக்கார்டு அட்டை.

பட்டுச்சேலையின் கரையிலும் முந்தியிலும் டிசைன் எப்படி வரவேண்டும் என்பதைத் துளைகளாகக் குத்திவைத்த நீளமான அட்டை அது. துளை இருக்கும் இடத்தில் இழை எழும்பும், இல்லாத இடத்தில் எழும்பாது. குழுவில் ஒருத்தியின் அப்பா அந்த அட்டை குத்துகிறவர். அவரிடம் வெற்று அட்டைகள் வாங்கிவந்து, ஒரு அட்டைக்குப் பாட்டில் ஒரு வரி என்று வைத்துக்கொண்டோம். அட்டையில் நான்கு வரிசைத் துளைகள். மேலே முதல் வரிசை மெல்லிய குரல்களுக்கு, கீழே நாலாம் வரிசை தடித்த குரல்களுக்கு. அட்டைகளைக் கயிற்றில் கோத்துத் தொங்கவிட்டு, பின்னால் ஒரு விளக்கை வைத்து, அட்டை குத்துகிறவர் மகள் ஒவ்வொன்றாக இழுப்பாள். அவள் பாடமாட்டாள். அவளை நாங்கள் அட்டைக்காரி என்றே கூப்பிட்டோம். உன் வரிசையில் வெளிச்சம் தெரிந்தால் பாடு, தெரியாவிட்டால் வாயை மூடு. சட்டம் அவ்வளவுதான். அதை மீறினவர்களுக்கு அந்த வாரம் எல்லோருக்கும் டீ வாங்கித்தரும் தண்டனை.

இன்னொரு வழக்கமும் இருந்தது. படிப்பு முடிவதற்குள் ஒவ்வொரு செட்டும் ஒரு பாட்டை அட்டையில் குத்திவைத்துவிட வேண்டும். வைத்த பாட்டை யாரும் எடுக்கக்கூடாது, பிடிக்காவிட்டாலும். அதனால் எங்கள் பாட்டுச் சேர்க்கை ஒரு ஒழுங்கில் இருக்காது. திருமலைப் பக்கத்து ஊரிலிருந்து வந்த சமணக் குடும்பத்துப் பெண் ஒருத்தி தன் வீட்டில் பண்டிகைக்குப் பாடும் துதிப்பாட்டு இருந்தது. கல்யாண வீட்டில் சம்பந்தியைக் கிண்டல் செய்யும் பாட்டு ஒன்று, அதில் பாதி வரிகளைப் பேராசிரியர்கள் முன்னால் பாட முடியாது. மூச்சுவிட இடமே இல்லாமல் யாரோ எழுதிக்கொடுத்த கல்லூரிப் பாட்டு ஒன்று, அதைச் சபித்துக்கொண்டே பாடுவோம். எங்கள் செட் வைத்தது, சந்தவாசல் பக்கம் போகும் காலைப் பேருந்து எங்கள் நிறுத்தத்தில் நிற்காமல் போவதைப் பற்றி நாங்களே கட்டிய பாட்டு. எல்லாவற்றிலும் பெரியது பெரணமல்லூர்ப் பெண் ஒருத்தி தன் அம்மாவிடமிருந்து கொண்டுவந்த நடவுப் பாட்டு. அதன் நடுப்பகுதி முழுக்க நாலாம் வரிசைக்கு உரியது. நான் நாலாம் வரிசை.

நான் இரண்டாம் ஆண்டு படிக்கும்போது குழுவுக்குப் பொறுப்பாளராக ஒரு சார் வந்தார், வெளியூர்க்காரர். அவருக்கு சங்கீதம் தெரியும், அதை நான் மறுக்கமாட்டேன். எங்களுக்கு மூச்சை எங்கே இழுப்பது, எங்கே விடுவது என்று சொல்லிக்கொடுத்தது அவர்தான். பல்கலைக்கழக அளவில் போட்டி, அதுவும் ஆரணியிலேயே ஒரு கல்யாண மண்டபத்தில், பெற்றோரும் வரலாம் என்றதும் அவர் முகம் மாறியது. ஒவ்வொருவராகப் பாடச்சொல்லிக் கேட்டார். கேட்டு முடித்து நாலாம் வரிசையில் இருந்த எங்கள் மூன்று பேரையும் தனியாக நிற்கவைத்தார்.

"நீங்க மூணு பேரும் வாயை மட்டும் அசைங்க. சத்தம் வரக்கூடாது. முரட்டுக் குரல், மத்தவங்களையும் கெடுக்குது" என்றார்.

"அப்ப நாங்க எதுக்கு சார் நிக்கணும்?" என்றேன்.

"பன்னண்டு பேருக்குக் கொறஞ்சா போட்டியில சேர்த்துக்க மாட்டாங்க."

தலையெண்ணிக்கைக்கு நாங்கள் வேண்டும், தொண்டை வேண்டாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் கோபத்துக்கு அவர் மட்டும் காரணமில்லை. போட்டிக்கு அம்மா வருவதாக இருந்தது.

அம்மா பவர்லூம் ஷெட்டில் வேலை செய்கிறாள், நான் பிறப்பதற்கு முன்னாலிருந்து. காது கொஞ்சம் கொஞ்சமாக முக்கால்வாசி போய்விட்டது. ஷெட்டில் யாரும் யார் பேசுவதையும் கேட்பதில்லை. உதட்டைப் பார்த்துத்தான் பேசிக்கொள்வார்கள். ஷெட்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடியில் இருப்பவளின் உதட்டைப் பார்த்து அம்மா பதில் சொல்வாள். நான் பாடுவதை ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்று ஓனரிடம் அரை நாள் லீவு சொல்லிவிட்டு வரப்போகிறாள். மேடையில் நான் சும்மா வாயை அசைத்தால் அம்மா நம்பிவிடுவாள். மகள் பாடினாள் என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு போவாள். உலகத்தில் வேறு யாரை வேண்டுமானாலும் அப்படி ஏமாற்றியிருப்பேன். உதட்டையே நம்பிப் பிழைக்கும் ஒருத்தியை ஏமாற்ற எனக்கு மனம் வரவில்லை.

ஒத்திகையில் நான் அடங்கவில்லை. போட்டிக்கு மூன்று பாட்டு. முதல் இரண்டில் நாலாம் வரிசைக்கு அங்கங்கே ஒரு வரிதான், சார் எச்சரித்து விரலை உயர்த்தியதும் வாயை மட்டும் அசைத்துச் சமாளித்தேன். மூன்றாவது நடவுப் பாட்டு. அட்டையில் வெளிச்சம் தெரிந்ததும் குரல் தானாக வந்துவிடும். மற்ற இருவருக்கும் அப்படித்தான். தானாக வராவிட்டாலும் நான் வரவழைத்திருப்பேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

போட்டியன்று காலையில் சார் ஒரு பழுப்பு டேப்போடு வந்தார். அட்டைக்காரியிடம் கொடுத்து, "அந்த மூணாவது பாட்டுல நாலாவது வரிசை ஓட்டை எல்லாத்தையும் அடைச்சிடு. வெளிச்சம் தெரிஞ்சாத்தானே கத்துவாங்க" என்றார். என் பக்கம் திரும்பி, "மேடையில உன் குரல் கேட்டுச்சுன்னா, இன்னையோட நீ குழுவுல இல்ல" என்றார்.

அவள் மறுபேச்சில்லாமல் டேப்பை வாங்கிக்கொண்டாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் அப்பா கொடுத்த அட்டைகள் அவை.

"நீயுமாடி?" என்றேன்.

"ஒட்டச் சொன்னாரு, ஒட்டறேன். நீ இங்க நின்னுகினு பேஜார் பண்ணாத, போய் இட்லி துன்னுட்டு ஜல்தியா வா" என்றாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அன்று காலை அவளை மனதுக்குள் என்னவெல்லாம் திட்டினேன் என்று இங்கே எழுத முடியாது.

மண்டபம் நிறைந்திருந்தது. பாதிக்கு மேல் தறி வீட்டு ஆட்கள். அம்மா நான்காவது நாற்காலி வரிசையில், கல்யாணத்துக்கு மட்டும் கட்டும் சேலையில் உட்கார்ந்திருந்தாள். முதல் இரண்டு பாட்டுகள் முடிந்தன. எங்கள் வரிசைக்கு வெளிச்சம் தெரிந்த இடங்களில் சாரின் விரல் எழுந்தது, நான் வாயை மட்டும் அசைத்தேன். அம்மா என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அந்த இடத்திலேயே செத்துப்போகலாம் போலிருந்தது.

மூன்றாவது பாட்டின் அட்டைகள் ஏறின. விளக்கு எரிந்தது. நாலாம் வரிசையில் வெளிச்சம் அத்தனையும் அப்படியே இருந்தது. முதல் வரிசைதான் இருட்டாக இருந்தது. அட்டைக்காரி டேப் ஒட்டியிருந்தது மெல்லிய குரல்களின் துளைகளில்.

ஒரு நொடி யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. பிறகு, முதல் வரிசையில் நின்ற மூன்று பேரும் சட்டப்படி வாயை மூடிக்கொண்டார்கள். திருமலைப் பக்கத்துப் பெண்தான் குழுவிலேயே நல்ல குரல்காரி. மேடை ஓரத்திலிருந்து சார் "பாடு, பாடு" என்று பல்லைக் கடித்தபோது அவள் பணிவாக அட்டையைக் கைகாட்டினாள். நடுவிலிருந்த இரண்டு வரிசைகளின் குரல்களும் அடியில் மெதுவாக வந்தன. அவற்றுக்கு மேலே நாங்கள் மூன்று பேர். நான் குரலை மறைக்கவில்லை, மெருகேற்றவும் இல்லை. சேற்றில் இறங்கி நடுகிறவள் எப்படிப் பாடுவாளோ அப்படிப் பாடினேன். அவ்வளவு சந்தோஷமாக நான் எதையும் செய்ததில்லை.

எங்களுக்குப் பரிசு கிடைக்கவில்லை. கீழே இறங்கியதும் சார் முதலில் அட்டைக்காரியைப் பிடித்தார்.

"கவுத்துப் போட்டு ஒட்டிட்டேன் சார். மேல் வரிசை கீழ வந்துடுச்சு, கவனிக்கல, சாரிங்க சார்" என்றாள், தரையைப் பார்த்துக்கொண்டே.

சார் நம்பிவிட்டார். பக்கத்தில் நின்றிருந்த தறிக்காரர்கள் சிரிப்பை அடக்க முடியாமல் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். அட்டையின் முகப்பக்கத்தில் எண் எழுதியிருக்கும். எண் தெரியாமல் அட்டையைக் கவிழ்த்துவைப்பது எங்கள் ஊரில் நாலு வயதுப் பிள்ளைகூடச் செய்யாத காரியம். அட்டை குத்துகிறவர் மகள் செய்தாள் என்று வெளியூர்க்காரர் மட்டும்தான் நம்ப முடியும். நான் காலையில் திட்டியதற்கெல்லாம் அவள் காலில் விழுந்திருக்க வேண்டும். விழவில்லை, அவள் கையை மட்டும் பிடித்துக்கொண்டேன்.

அடுத்து என் முறை. "அவ தப்பா ஒட்டினா. உனக்குத் தெரியுமில்ல, நீ பாடக்கூடாதுன்னு? திங்கக்கிழமை மன்னிப்புக் கடிதம் எழுதிட்டு வா. இல்லன்னா லிஸ்ட்ல பேர் இருக்காது" என்றார்.

அதற்குள் அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்துவிட்டாள். "இன்னாடி சொல்றாரு?" என்றாள்.

சத்தமில்லாமல் உதட்டால் சொன்னேன்: என் குரல் கேட்டிருக்கக்கூடாதாம்.

அம்மா சாரைப் பார்த்தாள். அவளுக்குத் தெரிந்த ஒரே குரல் ஷெட்டில் பேசும் குரல். அந்தக் குரலிலேயே, மண்டபம் முழுக்கத் திரும்பிப் பார்க்க, மரியாதையாகவே கேட்டாள்.

"எனக்குக் காது மந்தங்க சார். மொத ரெண்டு பாட்டுக்கும் புள்ளைங்க அல்லாரும் வாய மட்டும் அசைச்சுகினு நின்னாங்க, ஒண்ணுமே கேக்கல. மூணாவதுலதான் பாடினாங்க. மொதல்லயே பாடச் சொல்லியிருக்கலாம் இல்லீங்களா?"

முதல் மூன்று வரிசைப் பெண்களின் குரல் அவளுக்கு எட்டவே இல்லை. எட்டியது எங்கள் மூன்று பேரின் முரட்டுக் குரல்தான். நான் கடிதம் எழுதமாட்டேன் என்று சாரிடம் சொன்னேன். அம்மாவுக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன்.