சோல்வை சுடாத கேக்குகள்

கேக் தட்டை இரு கைகளாலும் ஏந்தியபடி சோல்வை பிராண்ட்ஸ்ட்ரூப் அலுவலகப் படிகளில் ஏறி வந்தாள். மேலே கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றவன் எஸ்கில், அவளுடைய பக்கத்து மேசைக்காரன்.

"இந்தத் தடவை என்ன?"

"ராஸ்பெரி."

"போன வாரம் தேங்காய். பெல்ட்டுல புதுசா ஒரு ஓட்டை போட்டேன், தெரியுமா? நீ இப்படியே பில்டை உடைச்சுக்கிட்டிருந்தா, நான் இந்தக் கதவுல பக்கவாட்டுலதான் நுழையணும்."

"முதல்ல நீ நகரு. நான் நுழையறேன்."

அந்த அலுவலகத்தில் எழுதப்படாத சட்டம் ஒன்று இருந்தது. ஒவ்வொருவரும் தம் கணினியில் எழுதும் ஜாவா நிரல்கள் மூலையிலுள்ள பொதுக் கணினி ஒன்றில் சேர்ந்து, அங்கே முழு மென்பொருளாகக் கட்டப்படும். அதைத்தான் பில்ட் என்றார்கள். கட்டி முடிந்தால் அதன்மேல் பச்சை விளக்கு எரியும், குலைந்தால் சிவப்பு. எவருடைய நிரலால் சிவப்பு எரிந்ததோ அவர் கேக் கொண்டுவர வேண்டும். கடைக் கேக் செல்லாது. சோல்வை கோடை முடிவில் வேலைக்குச் சேர்ந்தாள். அதன் பிறகு அந்த அலுவலகத்தில் வேறு எவரும் அடுப்பைப் பற்றவைத்ததாகத் தெரியவில்லை.

லிம்ஃபியோர்ட் நீர்ப்பரப்பின் கரையில், லெம்விக் துறைமுகத்துக்கு மேலே, பழைய வலைக்கிடங்கின் மாடியில் அமைந்த சிறு நிறுவனம் அது. வீடுகளுக்குக் குழாய்வழியே வெந்நீர் அனுப்பும் ஊர்க் கூட்டுறவுகளுக்காக, எந்த வீடு எவ்வளவு வெப்பம் எடுத்தது என்பதை மீட்டர்களிலிருந்து படித்துக் கணக்கிடும் மென்பொருளை அவர்கள் எழுதினார்கள்.

சோல்வை இந்தத் தொழிலுக்குப் புதியவள். முப்பத்தெட்டு வயதுவரை காற்றாலைகளில் ஏறி இறங்கியவள். கோபுரத்தின் உச்சியில், வடகடல் காற்றில் இயந்திரக் கூடு ஊசலாட, உறைந்த விரல்களோடு மின்பெட்டிகளைத் திறந்து பழுது பார்த்தவள். ஒரு குளிர்காலத்தில் ஏணியில் வழுக்கித் தோள் கழன்றது. அதைப் பொருத்திய மருத்துவர், ஏணியை மறந்துவிடும்படி சொன்னார். சோல்வை இரண்டு ஆண்டுகள் கல்லூரியில் அமர்ந்து நிரலெழுதக் கற்றாள். வகுப்பிலிருந்த மற்றவர்கள் அவளுடைய பாதி வயதினர். அவர்கள் திரைக்கு முன் சலித்துக்கொண்ட இடங்களிலெல்லாம் அவளுக்கு ஒரு நிம்மதியே இருந்தது: இங்கே விழுந்தால் எலும்பு முறியாது.

லெம்விக்கில் முதல் நாள் காலை, அவளுக்குப் புதுக் கணினி தந்தார்கள். எஸ்கில் தன் வொர்க்ஸ்பேஸை, அதாவது நிரல்களும் அவற்றுக்குரிய அமைப்புகளும் ஒன்றாகக் கிடக்கும் கோப்புறையை, அப்படியே நகலெடுத்துக் கொடுத்தான்.

"புதுசா அமைக்க வேண்டாமா?" என்று அவள் கேட்டாள். "வழிமுறைக் கோப்பு ஒண்ணு புராஜெக்ட்லயே இருக்கே."

"அது சும்மா பார்வைக்கு. அதப் படிச்சு ஒருத்தரும் அமைச்சதில்ல. எனக்கு யூட்டே கொடுத்தா, அவளுக்கு முன்னாடி இங்க வேலை பாத்த பிரெபன் கொடுத்தான். நல்லா புளிச்ச மாவு. நீயும் ஒரு கரண்டி எடுத்துக்கோ."

எல்லோரிடமும் அது பொங்கியது, சோல்வையிடம் பொங்கவில்லை. நிரலெழுதும் கருவியைத் திறந்ததுமே புராஜெக்ட்டின் பெயர்கள் மேல் வரிசையாகச் சிவப்புப் பெருக்கற்குறிகள் முளைத்தன. ஒரு லைப்ரரி, அதாவது நிரலுக்குத் துணையாகச் சேர்க்கும் ஆயத்த நிரல்தொகுப்பு, கிடைக்கவில்லை என்றது கருவி. கிடைக்காததை அவள் நீக்கினாள், குறிகள் மறைந்தன, வேலை ஓடியது. ஆயினும் அன்றுமுதல் அவள் எழுதி அனுப்பும் நிரல், தன் கணினியில் குறையின்றி ஓடிவிட்டு, பொதுக் கணினியில் ஏறியதும் சிவப்பாகும். "என்கிட்ட ஓடுதே" என்பாள். "எங்க எல்லார்கிட்டயும் உடையுதே" என்பார்கள். எண்ணிக்கை அவர்கள் பக்கம் இருந்தது. அவள் முட்டையை உடைத்துக் கிண்ணத்தில் ஊற்றுவாள்.

அன்று ராஸ்பெரிக் கேக்கின் கடைசித் துண்டை எவர் எடுப்பது என்று எல்லோரும் பணிவோடு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தபோது, குழுத்தலைவி யூட்டே சோல்வையைத் தன் அறைக்கு அழைத்தாள். யூட்டே கடுமையானவள் அல்லள். அவள் அறைக்கே அழைத்தால் விஷயம் சின்னதாயிராது.

"உன் சோதனைக்காலம் இந்த மாசக் கடைசியோட முடியுது."

"தெரியும்."

"நான் சுத்தி வளைக்கல, சோல்வை. நீ எழுதற நிரல் நல்லாயிருக்கு. படிக்கவே இதமாயிருக்கு. ஆனா சேர்த்தா உடையுது. ஏன்னு உனக்கும் தெரியல, எனக்கும் தெரியல. அடுத்த வெள்ளிக்கிழமை ஸ்கீவ் ஊருக்கு, அங்க மாட்டியிருக்கற புது மீட்டருக்கான வெர்ஷன் போகணும். அதுக்குள்ள இது சரியாகலன்னா என்னால உன்ன வச்சுக்க முடியாது."

"ஸ்கீவ் மீட்டர் இன்னும் பூஜ்யம்தான் காட்டுதா?"

"எல்லா வீட்டுலயும் பூஜ்யம். மீட்டர் செஞ்சவங்களுக்கு ரெண்டு வாரமா கடுதாசி எழுதிக்கிட்டே இருக்கோம். அவங்க மீட்டர் சரிங்கறாங்க."

"என்கிட்ட எண் காட்டுது."

யூட்டே அவளைக் கனிவோடு பார்த்தாள். கண்ணாடிச் சுவருக்கு அப்பாலிருந்து எஸ்கில்தான் பதில் சொன்னான். அந்த அலுவலகத்தில் எந்தச் சுவரும் ஒலியைத் தடுத்ததில்லை. "உன் மெஷின்லேருந்து வந்தது எதுதான் இங்க சரியா ஓடிருக்கு, தாயே? அது எண் காட்டுதுன்னா அந்த எண்ணைத்தான் சந்தேகப்படணும்."

மாலை உணவின்போது அவள் கணவன் துரோல்ஸ் அவள் தட்டையே கவனித்துக்கொண்டிருந்தான். துறைமுகத்தில் படகு இயந்திரங்கள் பழுதுபார்ப்பவன். பேச்சைவிடக் காது நீளமானவன். அவள் நடந்ததைச் சொல்லி முடித்தபோது உருளைக்கிழங்கு ஆறிப்போயிருந்தது.

"கோபுரத்துல காரணம் தெரியாம அலாரம் அடிச்சா என்ன பண்ணுவ?" என்று கேட்டான்.

"எல்லா இணைப்பையும் கழட்டிடுவேன். வெறும் பெட்டி. அப்புறம் ஒண்ணொண்ணா மாட்டுவேன்."

"இங்க கழட்டிப் பாத்தியா?"

அவள் முள்கரண்டியைக் கீழே வைத்தாள். கழற்றவில்லை. வந்த முதல் நாளே இன்னொருவர் மாட்டிவைத்த பெட்டியைத்தான் வாங்கிக்கொண்டாள். அன்றிலிருந்து அதன் மேல்மூடியைத்தான் தட்டிக்கொண்டிருக்கிறாள்.

மறுநாள் காலையில், எவர் எழுதியதையும் நகலெடுக்காமல், வெற்றுக் கோப்புறை ஒன்றை உருவாக்கி, கருவியை அதில் திறந்தாள். எஸ்கில் நாற்காலியோடு உருண்டு வந்தான்.

"என்ன பண்ற?"

"புதுசா அமைக்கறேன். அந்தப் பார்வைக் கோப்பைப் படிச்சு."

"மூணு வாரம் ஆகும். பிரெபனே அப்படித்தான் சொல்வான்."

"அவனே செஞ்சு பாத்தானா?"

"செஞ்சு பாத்தா எப்படிச் சொல்லுவான்?" என்று எஸ்கில் சொல்லிவிட்டு, தான் சொன்னதைத் தானே ஒருமுறை யோசித்துப் பார்த்தான்.

நிரல்களை, குழுவினர் அவற்றைச் சேமித்துவைக்கும் பொதுக் கிடங்கிலிருந்து நேரடியாக இறக்கினாள். எந்த ஜாவா வெர்ஷன் வேண்டும் என்று கோப்பு சொன்னதோ அதையே சுட்டினாள். எந்தெந்த லைப்ரரி எந்த வெர்ஷனில் தேவை என்பதைப் புராஜெக்ட் தானே பட்டியலிட்டிருந்தது. அவற்றை அதுவே வரவழைத்துக்கொண்டது. ஒவ்வொன்றையும் சேர்த்த பிறகு நிறுத்தி, ஓடுகிறதா என்று பார்த்துவிட்டே அடுத்ததற்குப் போனாள். ஒரே ஓர் இடத்தில் சிவப்புக்குறி வந்தது: ஜாவா வெர்ஷனை அவளே தவறாகத் தேர்ந்திருந்தாள். திருத்தினாள். ரை ரொட்டியையும் ஈரல் பேஸ்ட்டையும் மேசையில் பரப்பி மற்றவர்கள் மதிய உணவுக்கு அழைத்தபோது, திரையில் ஒரு சிவப்புக்குறிகூட இல்லை. மூன்று வாரம் என்று பயந்து எவரும் தொடாமல் வைத்திருந்த வேலை, ஒரு முற்பகலில் முடிந்துவிட்டது.

அவள் சாப்பிட எழவில்லை. ஸ்கீவ் மீட்டர் ஒன்றின் தகவலைப் புதிய அமைப்பில் ஓடவிட்டாள். எண் வந்தது. தன் பழைய அமைப்பில் ஓடவிட்டாள். அதே எண்.

"எஸ்கில், ரொட்டிய எடுத்துக்கிட்டே வா. உன் மெஷின்ல இத ஓட்டு."

அவன் மென்றுகொண்டே ஓட்டினான். பூஜ்யம்.

"பாத்தியா, பூஜ்யம்," என்றான் வழக்கமான நிறைவோடு.

"என் பழைய மெஷின் அமைப்பு ஒண்ணு. யாரும் கைவைக்காத புது அமைப்பு ஒண்ணு. ரெண்டும் ஒரே எண் சொல்லுது. உன்னோடது மட்டும் வேற சொல்லுது. இப்ப எதைச் சந்தேகப்படணும்?"

எஸ்கில் மெல்லுவதை நிறுத்தினான். யூட்டேயும் காப்பிக் கோப்பையோடு வந்து பின்னால் நின்றாள்.

"மீட்டரைப் படிக்கற லைப்ரரி உன்கிட்ட எங்கேருந்து வருதுன்னு கேளு," என்றாள் சோல்வை. "பேரைக் கேக்காத. இடத்தைக் கேளு."

அவன் அந்தப் பெயரின் மேல் சொடுக்கி, கோப்பு இருக்குமிடத்தைக் காட்டச் சொன்னான். புராஜெக்ட் பட்டியலிட்ட புதிய லைப்ரரியின் இடம் அங்கே காட்டப்படவில்லை. பொதுச் சேமிப்பில், நான்கு ஆண்டுகளுக்கு முன் வேலையை விட்டுப்போன பிரெபனின் சொந்த ஃபோல்டர் காட்டப்பட்டது. அதற்குள் 'தற்காலிகம்' என்றொரு ஃபோல்டர். அதற்குள் அந்த லைப்ரரியின் பழைய பிரதி. ஒரே பெயரில் இரண்டு லைப்ரரிகள் இருந்தால், வரிசையில் முதலில் நிற்பதையே ஜாவா எடுத்துக்கொள்ளும். அடுத்ததைத் திரும்பியும் பார்க்காது. பிரெபனுடையது முதலில் நின்றது.

யூட்டே தன் மேசைக்குப் போய்ப் பார்த்தாள். அவளிடமும் பிரெபன். ஒவ்வொருவராகத் தத்தம் மேசைக்குச் சென்றார்கள்; ஒவ்வொரு மேசையிலிருந்தும் "பிரெபன்" என்ற ஒற்றைச் சொல் தாழ்ந்த குரலில் வந்தது. கடைசியாக மூலையிலுள்ள பொதுக் கணினியைப் பார்த்தார்கள். அதையும் எவரோ நகலெடுத்துத்தான் அமைத்திருந்தார்கள்.

"அப்ப இவகிட்ட மட்டும் ஏன் இல்ல?" என்று எஸ்கில் கேட்டான்.

"கோடையில புது விதி போட்டோமே," என்றாள் யூட்டே மெதுவாக. "புதுசா சேர்றவங்க அடுத்தவங்க சொந்த ஃபோல்டரைத் திறக்க முடியாதுன்னு. அதுக்கப்புறம் சேர்ந்தது இவ ஒருத்திதான்."

அத்தனையும் அங்கே வெளிச்சத்துக்கு வந்தது. முதல் நாள் சோல்வையின் திரையில் முளைத்த சிவப்புக்குறிகள், அவளால் திறக்க முடியாத பிரெபனின் ஃபோல்டருக்காக. அதை அவள் நீக்கியதும், சரியான புதிய லைப்ரரி தானாக முன்னுக்கு வந்தது. அதை நம்பி அவள் எழுதிய நிரலைத்தான், பழையதை வைத்துக்கொண்டிருந்த பொதுக் கணினி வாராவாரம் குலைத்துத் தள்ளியது. புதிய மீட்டரைப் படிக்கத் தெரியாத அந்தப் பழையதுதான் ஸ்கீவ் முழுவதையும் பூஜ்யமாகக் காட்டியது.

யூட்டே பிரெபனைத் தொலைபேசியில் அழைத்து, எல்லோரும் கேட்கும்படி வைத்தாள். அவன் இப்போது மோர்ஸ் தீவில் செம்மறியாடு வளர்க்கிறான். பின்னணியில் அவை கத்துவது கேட்டது.

"தற்காலிகமா?" என்றான் பிரெபன். "அது ஏதோ ஒரு வாடிக்கையாளருக்காக ஒரு மத்தியானம் சோதிச்சுப் பாக்கப் போட்டது. அத இன்னுமா வச்சிருக்கீங்க?"

"நாங்க வச்சிருக்கல. அதுமேலதான் உக்காந்திருக்கோம்," என்றாள் யூட்டே.

"அடக் கடவுளே," என்று பிரெபன் சொன்னான். பிறகு ஆடுகள் மட்டுமே பேசின.

அடுத்த சில நாள்கள் அந்த மாடி முழுவதும் ஒரே வேலையாக நடந்தது. சோல்வை மேசை மேசையாக நகர்ந்தாள். பழைய வொர்க்ஸ்பேஸை எவரும் எடுத்துவர அவள் விடவில்லை. "எனக்கு மட்டும் என் நிற அமைப்பைக் காப்பி பண்ணிக்கறேன்" என்று கெஞ்சிய எஸ்கிலையும் விடவில்லை. "நிறத்தைக் கையால போடு. உனக்கும் விரல் இருக்கு." வழியில் தட்டுப்பட்ட இடைவெளிகளையெல்லாம் அந்த வழிமுறைக் கோப்பிலேயே திருத்தி எழுதினாள். கடைசியாகப் பொதுக் கணினியை வெறுமையாக்கிப் புதிதாக நிறுத்தினாள். தன் நிரலை அவள் அதில் ஏற்றியபோது, வேலையிருந்தவர்களும் இல்லாதவர்களும் மூலைக்கு வந்து நின்றார்கள். விளக்கு சற்று நேரம் மஞ்சளாக மினுங்கியது. பிறகு பச்சை.

எவரும் கைதட்டவில்லை, அது அங்கே வழக்கமில்லை. எஸ்கில் மட்டும் அந்த விளக்கை நெருங்கிப் பார்த்து, "பல்பு மாத்தலையே?" என்று கேட்டான்.

வெள்ளிக்கிழமை ஸ்கீவுக்குப் புதிய வெர்ஷன் போனது. வீடு வீடாகப் பூஜ்யங்கள் மறைந்து, எண்கள் ஏறி வந்தன. ஓர் ஊரே குளிருக்கு எழுந்து வெந்நீர்க் குழாயைத் திறப்பதை அவர்கள் திரையில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யூட்டே சோல்வையின் தோளருகே குனிந்தாள்.

"மோசமில்ல," என்றாள்.

அந்த யூலாந்து வட்டாரத்துக்காரி ஒருத்தியின் வாயிலிருந்து அதற்கு மேல் பாராட்டு வராது. சோல்வைக்கு அது போதுமாயிருந்தது. ஆயினும் யூட்டே நகராமல் நின்றாள்.

"அடுத்த மாசம் உன் மேசைய ஜன்னல் பக்கம் மாத்திரலாம்னு பாக்கறேன். அங்க வெளிச்சம் நல்லா வரும். உனக்குச் சம்மதமா?"

அடுத்த மாதம் என்ற சொல்லை சோல்வை ஒருமுறை உள்ளுக்குள் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். "சம்மதம்," என்றாள்.

"அது சரி, ஒரு சட்டப் பிரச்சினை இருக்கு," என்று எஸ்கில் தன் இடத்திலிருந்து குரல் கொடுத்தான். "பில்டை உடைச்சவன்தான் கேக் கொண்டுவரணும். கோடையிலேருந்து உடைச்சது இவ இல்லன்னா..."

அவன் வாக்கியத்தை முடிக்கவில்லை. தன் வாயாலேயே தன்மேலும் மற்ற எல்லோர்மேலும் தீர்ப்பு எழுதிவிட்டது அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. சுற்றியிருந்தவர்கள் அவனை வெறுப்போடு பார்த்தார்கள்.

திங்கட்கிழமை காலையில் சோல்வை வெறுங்கையோடு படியேறினாள். மதிய உணவு மேசையில் இடமில்லை: பழுப்புச் சர்க்கரை உருகி வழிந்த ரொட்டிக் கேக், ஆப்பிள் கேக், ஓரம் கருகியும் கருகாததுபோல் கிரீம் பூசப்பட்ட எஸ்கிலின் சாக்லெட் கேக், யூட்டேயின் கேரட் கேக். ஓரத்தில், மோர்ஸ் தீவிலிருந்து பேருந்தில் வந்து சேர்ந்த கேக் பெட்டி ஒன்று. அதன்மேல் பிரெபனின் கையெழுத்தில் 'நிரந்தரம்' என்று எழுதியிருந்தது.

எஸ்கில் கத்தியை அவளிடம் நீட்டினான். "முதல் துண்டு நீ வெட்டு. என்னோடதத் தொடாத, அதுல உப்பும் சர்க்கரையும் மாறிப் போச்சுன்னு நினைக்கறேன்."

"எந்த டப்பாவிலேருந்து எடுத்த?"

"அம்மாகிட்டேருந்து அப்படியே வாங்கிட்டு வந்த டப்பாதான். லேபிள் ஒட்டியிருந்துச்சு."

"திறந்து பாத்தியா?"

எஸ்கில் தன் கேக்கைத் திரும்பிப் பார்த்தான். சோல்வை அவன் கேக்கிலிருந்தே ஒரு பெரிய துண்டை வெட்டித் தன் தட்டில் வைத்துக்கொண்டு, முகம் சுளிக்காமல் முழுவதையும் தின்றாள்.