சக்கரத்துக்கு வந்த பதிமூன்று

செஞ்சியில் வண்டிகளின் சக்தியை அளந்து காட்டும் முகாம் போட்ட அன்று, கடைகள் திறக்கும் முன்பே முஜீப் வந்துவிட்டான். செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து ஒர்க்ஷாப்பில் மெக்கானிக். தன் பழைய 150 சிசி வண்டியின் ஹெட், கார்புரேட்டர், சைலன்சர் எல்லாவற்றிலும் அவனே கைவைத்து மாற்றியிருந்தான். நான் அப்போது ஒரு ஆயில் கம்பெனியின் நடமாடும் டைனோவில் ஆபரேட்டர். வண்டியின் பின்சக்கரத்தை உருளைமேல் ஏற்றி ஓடவிட்டு, எத்தனை குதிரைசக்தி வருகிறது என்று திரையில் காட்டுவது வேலை.

அவனுடைய அண்ணனும் வந்திருந்தார். அவலூர்பேட்டையில் டயர் கடை வைத்திருப்பவர். தம்பி டியூனிங்கை விட்டுவிட்டுக் கடைக்கு வரவேண்டும் என்பது அவர் எண்ணம். நிஜமாகவே சக்தி கூடியிருந்தால் செஞ்சியிலேயே தனி ஷெட் போட்டுத் தருவதாகச் சொல்லியிருந்தார். வண்டியைப் பட்டை போட்டுக் கட்டும்போது முஜீப்தான் இதைச் சொன்னான்.

திரையில் பதிமூன்று வந்தது. அந்த மாடலுக்குக் கம்பெனி புத்தகத்தில் போட்டிருப்பது பதினான்கு. கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அண்ணன் சிரிக்கவில்லை.

"இருந்ததும் போச்சா?" என்று மட்டும் கேட்டார்.

நான் விளக்கினேன். புத்தகத்தில் இருப்பது எஞ்சின் கிராங்க்கில் அளந்தது. கிளட்ச், கியர்பாக்ஸ், செயின், டயர் எல்லாம் தின்றது போக மிச்சம்தான் சக்கரத்துக்கு வரும். டைனோ அளப்பது அந்த மிச்சத்தை. கைவைக்காத அதே மாடல் ஒன்றையும் இதில் ஓட்டிப் பார்த்தால்தான் கூடியதா குறைந்ததா என்று தெரியும், கொஞ்சம் இருங்கள் என்றேன். தோற்றவனுக்குச் சொல்லும் ஆறுதல் என்று அவர் நினைத்துக்கொண்டார். முஜீப் என் முகத்தைப் பார்க்கவில்லை. பட்டையை அவனே அவிழ்த்தான். இருவரும் கிளம்பிவிட்டார்கள்.

மத்தியானம் சிங்கவரத்துப் பால்காரர் ஒருவர் அதே மாடலில் வந்தார். எதையும் மாற்றாத, நல்ல கண்டிஷன் வண்டி. பன்னிரண்டுகூட வரவில்லை.

முஜீப்புக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. அண்ணன் கடைக்கே போய்விட்டான் என்று ஒர்க்ஷாப்பில் சொன்னார்கள். அடுத்த வாரம் பஸ் பிடித்து அவலூர்பேட்டைக்கே போனேன். டயர் கடையில் பஞ்சர் பார்த்துக்கொண்டிருந்தான். வண்டியில் பழைய சாமான்களையே திரும்ப மாட்டியிருந்தான். விஷயத்தைச் சொன்னேன்.

"எனக்குத் தெரியும்க்கா. ஓட்டறவனுக்குத் தெரியாதா? அன்னிக்கு அண்ணன் பக்கத்துல நின்னுனு இருந்தாரு. அவருக்கு அப்பவே தெரிஞ்சிருக்கணும்."

அவரிடம் நானே பேசுகிறேன் என்றேன்.

"வாணாம்க்கா. இப்பத்தான் வூட்ல பேச்சு அடங்கியிருக்குது."

டீ வாங்கிக் கொடுத்தான். குடித்துவிட்டுப் பஸ் ஏறினேன்.

டைனோ வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். ஒற்றை நம்பரை யாருக்கும் காட்டாதீர்கள். முதலில் எதையும் மாற்றாத ஸ்டாக் வண்டியை ஓட்டுங்கள். அதே உருளையில், அதே நாளில். கூட்டத்தைக் கூப்பிடுவது அப்புறம். அதற்குப் பிறகு நான் போன முகாம்களில் எல்லாம் அப்படித்தான் செய்தோம்.

முஜீப் இன்னும் டயர் கடையில்தான் இருக்கிறான்.