மாமியார் தூக்கி வைத்த கால்

சிங்காநல்லூர் மில்லில் வருஷக்கணக்காக நின்றே வேலை பார்த்தவள் நான். கணுக்காலுக்கு மேலே வந்த புண் எந்தக் களிம்புக்கும் ஆறவில்லை. சோதித்தால் சர்க்கரையும் இல்லை. கடைசியில் ஸ்கேன் பார்த்த டாக்டர்தான், "நரம்புச் சுருட்டல். ரத்தம் காலிலேயே தேங்குது" என்று இறுக்கிக் கட்டுப் போட்டார். "உட்கார்ந்தா காலை உசத்தியே வையுங்க" என்றார்.

மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள் எதிரில் காலை நீட்டுவதா? சட்டென்று இறக்கினேன்.

"இருக்கட்டும் அம்மணி" என்று மாமியார் என் பாதத்தைத் தன் கையாலேயே தூக்கித் தலையணைமேல் வைத்தார். வந்தவர்களிடம், "தப்பா நெனைக்காதீங்க. இந்தக் காலு நின்னதாலதானுங்க எங்க ஊடு நிக்குது" என்றார்.

புண் ஆறிவிட்டது. இன்றும் யார் வந்தாலும் நான் காலை இறக்குவதில்லை.