கடைசி வள்ளம் வரும்வரை

குறிகட்டுவான் இறங்குதுறையில் நெடுந்தீவுப் படகுக்காக நின்றுகொண்டிருந்தேன். தங்கை தொலைபேசியில் அழைத்து, "பிலோமினாக்கா விடியப்புறம் போயிட்டா" என்றாள். படகு புறப்பட்டது, நான் ஏறவில்லை. அன்று நெடுந்தீவில் நான் படிப்பிக்கும் வகுப்புக்கு ஆசிரியை இல்லை. ஊர்காவற்றுறைக்குத் திரும்பும் வழியெல்லாம் அவர் பாட்டுத்தான் காதில் கேட்டது. எங்கள் கோயிலில் அவரைவிடச் சத்தமாகப் பாடியவரும் இல்லை, அவரைவிடச் சுருதி தப்பிப் பாடியவரும் இல்லை. அவரை அறிந்த நீங்கள் இதைப் படித்துச் சிரிப்பீர்கள். சிரியுங்கள், அவரும் சிரித்திருப்பார்.

சுவாமியார் வர முடியாத நாட்களில் செபமாலை சொல்லித் தருவதும், சாகக் கிடப்பவர்களின் பக்கத்தில் இருந்து செபிப்பதும் அவர் வேலை. அவருடைய மன்றாட்டு லேசில் முடியாது. கடலில் நிற்பவர்களில் தொடங்கி, பஸ் சாரதி, நயினாதீவுத் திருவிழாவுக்குப் போகும் சைவச் சனம், புத்த விகாரைக்கு வரும் தெற்குச் சனம் என்று உலகமே அதற்குள் வரும். உலை வைத்துவிட்டு வந்த பெண்கள் நெளிவார்கள். ஒருநாள் கோயில் மூப்பர் பொறுக்கமாட்டாமல், அவர்கள் எங்கள் ஆட்கள் இல்லையே என்று கேட்டுவிட்டார்.

"எங்கட ஆக்கள் இல்லைத்தான், மூப்பர். ஆண்டவரின்ர ஆக்கள்" என்ற பிலோமினாக்கா, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

எங்கள் வீட்டுக் கதையையும் இங்கே சொல்லத்தான் வேண்டும். என் அண்ணன் அல்பிரட் கோயிலோடு கோபித்தவன். திருவிழாவில் புனிதரின் சொரூபம் சுமப்பது யார் என்று வந்த சண்டையில், இனி இந்தப் படி மிதிக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனான், மிதிக்கவேயில்லை. ஒரு சோளகக் காற்றில் கடலுக்குப் போனவன் திரும்பவில்லை. வள்ளம் கிடைத்தது, அவன் கிடைக்கவில்லை. செத்த வீட்டுக்கு வந்த ஒரு பெரியவர், சுவாமியாரிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்யாமல் போன ஆன்மா எங்கே போயிருக்குமோ என்று சொல்லிவிட்டுத் தேநீரைக் குடித்தார். அவர் அதை மறந்திருப்பார். அப்பா மறக்கவில்லை.

சில வருடங்களில் அப்பாவும் படுக்கையில் விழுந்தார். சுவாமியாரைக் கூப்பிடட்டுமா என்று கேட்டால் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வார். சாகுமுன் தரும் நற்கருணையான நன்மையை வாங்காமலே போய்விடுவாரோ என்று அம்மா அழுதார். பிலோமினாக்கா தினமும் வந்தார். செபமாலையை வெளியில் எடுக்கவில்லை. காற்றையும் மீன் விலையையும் பேசிவிட்டுப் போனார். ஒரு பின்னேரம் அப்பாவே வாயைத் திறந்தார்.

"பிலோமினா, என்ர பொடியன் இல்லாத மோட்சத்திலை எனக்கு என்ன வேலை? அவன் எங்கயோ, அங்க நானும் போறன்."

பிலோமினாக்கா கதிரையைக் கட்டிலடிக்கு இழுத்துப் போட்டார். பிறகு, "ஒரு வள்ளம் வராட்டில் கரையில என்ன செய்யிறனீங்கள், அண்ணை?" என்று கேட்டார்.

எங்கள் கரையில் காத்து நிற்பது யாரும் எழுதாத சட்டம். ஒரு வள்ளம் குறைந்தாலும் மீனை ஏலம் கூறமாட்டார்கள். ஒருவரும் வீட்டுக்குப் போய்ச் சோற்றில் கை வைக்கமாட்டார்கள். வராதவன் குடிகாரனோ சண்டைக்காரனோ, யாரும் பார்ப்பதில்லை. அண்ணனுக்காகவும் கரை அப்படித்தான் நின்றது. சொரூபத்துக்காக அவனோடு அடிபட்டவர்கள்தான் முதலில் தேடிப் போனார்கள்.

"நாங்களே அப்பிடி நிண்டனாங்கள். எல்லாரும் கரை சேர வேணுமெண்டு நிக்கிற ஆண்டவர், உங்கட பொடியனை விட்டிட்டு வீட்ட போயிருப்பார் எண்டோ நினைக்கிறீங்கள்?" என்றார் பிலோமினாக்கா. பிறகு, "அவன் மோட்சத்திலை எண்டு சத்தியம் பண்ண எனக்கு ஏலாது, அண்ணை. ஆண்டவரை நம்பலாம் எண்டு சத்தியம் பண்ணுவன்" என்றார்.

அண்ணன் போன பிறகு அப்பா அழுததை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். அழுது முடித்து, சுவாமியாரை வரச் சொல் என்றார். நன்மை வாங்கினார். அந்த வாரமே அமைதியாகக் கண்ணை மூடினார்.

பின்னொரு நாள் நான் பிலோமினாக்காவைச் சீண்டினேன். ஆண்டவருக்கு எல்லாரும் வேண்டுமென்றால், கோயிலில் நீங்கள் இப்படித் தொண்டை கிழியக் கத்துவானேன் என்று கேட்டேன்.

"கூப்பிட ஆள் வேணுமெல்லோ, பிள்ளை. வாறதும் வராததும் அவையின்ர விருப்பம். கூப்பிடாமல் விடுறது எங்கட பிழை" என்றார். வகுப்பில் மற்றவர்களின் வாயை அடைப்பதே தொழிலான எனக்கு, என் வாயே அடைபட்டது எரிச்சலாக இருந்தது.

அவருடைய அடக்கத்துக்குச் சைவச் சனமும் திரண்டு வந்திருந்தது. மூப்பர் சின்னப் பிள்ளை போல அழுதார். குழியடியில் சுவாமியார், நாம் இழந்தவர்களின் பெயர்களைச் சொல்லி மன்றாடுவோம் என்றார். அண்ணனின் பெயரை இவ்வளவு காலமும் மனதுக்குள் மட்டுமே சொல்லி வந்தேன். வாய்விட்டுச் சொன்னால், அந்தப் பெரியவரைப் போல யாராவது ஏதாவது சொல்லிவிடுவார்களோ என்ற பயம். அன்று எல்லாருக்கும் கேட்க "அல்பிரட்" என்றேன். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. "ஆண்டவரே, இவரை ஏற்றுக்கொள்ளும்" என்று ஊரே சேர்ந்து சொன்னது.

பிலோமினாக்கா எனக்கு விட்டுப்போனது இதுதான். என் அண்ணனை நினைத்து நான் இப்போது பயப்படுவதில்லை.