கலா வாயில் பிரெஞ்சு

சாயங்காலம் ராயபுரத்து மாடி வகுப்பில் ஜன்னலைத் திறந்தால் கருவாட்டு வாசனை. மூடினால் வியர்த்து ஊற்றும். திறந்து வைத்துக்கொண்டுதான் பிரெஞ்சு படித்தோம்... நானும் கலாவும்.

துறைமுகம் பக்கம் ஒரே ஷிப்பிங் ஆபீஸில் எங்களுக்கு வேலை. பிரெஞ்சு நன்றாகப் பேசுகிற ஒருவரை பிரான்சில் உள்ள மார்சேய் கிளைக்கு அனுப்புவதாக மேனேஜர் சொல்லியிருந்தார்.

வினைச்சொற்களை நான் தலைகீழாக ஒப்பிப்பேன். எழுத்துத் தேர்வில் நான்தான் முதல். வாயைத் திறந்தால் போச்சு.

'அவர்கள் பேசுகிறார்கள்' என்பதற்கு parlent என்று எழுத வேண்டும். நான் பார்-லென்ட் என்று இரண்டாக உடைத்து, இருக்கிற எழுத்தையெல்லாம் உச்சரித்தேன். புதுச்சேரியிலிருந்து வந்த மிஸ் மேஜையில் ஒரே தட்டு தட்டினார்.

"பார்ல். அவ்வளவுதான்."

கலா காசிமேட்டு மீனவக் குடும்பத்துப் பெண். ஸ்பெல்லிங் அவளுக்கு வரவே வராது. ஆனால் மிஸ் ஒருமுறை சொன்னால் போதும், அப்படியே திருப்பிச் சொல்வாள். 'எங்களிடம் இருக்கிறது' என்று பொருள்படும் nous avons என்பதை நான் 'நூஸ் அவோன்ஸ்' என்றேன். அவளோ முதல் சொல்லின் வாலை அடுத்த சொல்லின் தலையில் ஒட்டி 'நூ-ஸ-வோன்' என்றாள், கடைசி ஒலியை மூக்குக்குள்ளேயே நிறுத்தி.

மிஸ் கண்ணை மூடிக் கேட்டார். எனக்கு வயிறு எரிந்தது.

"இன்னாத்துக்குடி எல்லா எழுத்தையும் இஸ்துகினு வர்ற? கடசி எழுத்து சும்மா குந்திகினு கீது. அத்த வுட்டுட்டுப் போயேன்," என்றாள் கலா, பஸ் ஸ்டாப்பில்.

நல்ல மனதோடுதான் சொன்னாள். அதுதான் இன்னும் எரிச்சல்...

திருவொற்றியூர் பஸ் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஊர்ந்து போகும். துப்பட்டாவால் வாயை மறைத்து, முழங்காலில் தட்டித் தட்டிப் பழகுவேன். பார்-லோன்... பார்-லே... பார்ல்...

"இன்னாமா, பல்லு வலியா?" என்று பக்கத்து சீட்டு அம்மா கேட்டார்.

நேர்காணல் வீடியோ காலில் நடந்தது. மார்சேய் அம்மையாரைப் பார்த்ததும் எழுத்துகள் கண்முன்னே வரிசையாக வந்து நின்றன. ஒன்றைக்கூட விட மனம் வரவில்லை. அவர் திரும்பத் திரும்ப "மன்னிக்கவும்?" என்றார்.

அடுத்து கலா போனாள். கதவுக்கு வெளியே வரை அந்த அம்மையாரின் சிரிப்பு கேட்டது.

கலா மார்சேய்க்குப் போனாள். அங்கேயே கல்யாணமும் ஆனது. நான் அதே ஆபீஸில்.

அந்த மாடியில் இப்போது கூரியர் குடோன். பிரெஞ்சு படிக்க செல்போன் ஆப்பே போதும். என் உச்சரிப்புக்கு அதில் பச்சை டிக் கூட விழுகிறது. கண்ணை மூடிக் கேட்கத்தான் யாருமில்லை.

போன மாதம் கலா லீவில் வந்தாள். ஜூஸ் கடையில் என் எதிரே உட்கார்ந்து கணவரிடம் போனில் பிரெஞ்சில் பேசினாள். ஒரு சொல் விடாமல் எனக்குப் புரிந்தது.

"இன்னாடி அப்பிடிப் பாக்குற?" என்றாள், போனைக் கையால் மூடி.

"ஒண்ணுமில்லடி. நீ பேசு," என்றேன்.